கொக்கு, கமரா, கொழும்பு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழின் அட்டையில் பேரே வாவிக் கூழைக்கடா ஒன்றின் படத்தைப் போட்டிருந்தோம். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பறவைப் படங்களைப் பற்றியவைதான். எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஆகவே பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. பறவைகளைப் படம் பிடிக்க ஆசை. அப்பா கமரா வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆனால் 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் ஒன்றும் சரிவராது என்கிறார்கள் கூட்டாளிகள். உண்மையா?
— மாணவர் ஒருவர், வெள்ளவத்தை

இல்லை, தம்பி. சிங்கராஜாவில் மர உச்சியில் இருக்கிற குருவிக்கு அவ்வளவு நீளம் தேவைப்படலாம். கொழும்புக் கொக்குக்கும் கூழைக்கடாவுக்கும் தேவையில்லை, அவை ஒவ்வொரு நாளும் ஆட்களைப் பார்த்துப் பழகியவை, நீங்கள் அசையாமல் இருந்தால் பத்துப் பதினைந்து மீற்றர் தூரத்திலேயே தம் பாட்டுக்கு இரை தேடும். ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவுச் சென்சர் (படம் பதியும் தகடு) உள்ள பழைய கமரா ஒன்றும் 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றும் தொடங்குவதற்குத் தாராளம். அந்தச் சிறிய சென்சரில் 300 மி.மீ. லென்ஸ் நிக்கோன், சோனி என்றால் 450 அளவுக்கும் கெனன் என்றால் 480 அளவுக்கும் கிட்டத்தில் காட்டும். அப்பாவிடம் முதலே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: காசு லென்ஸுக்குத்தான் போக வேண்டும். பத்து வருடம் பழைய கமரா உடலில் நல்ல லென்ஸைப் போட்டால் நல்ல படம் வரும், புத்தம் புதிய உடலில் மங்கலான லென்ஸைப் போட்டால் வராது.

2022இல் ரூபா விழுந்ததற்குப் பிறகு புதுச் சாமானின் விலை மாணவர்களுக்கு எட்டுகிற மாதிரி இல்லை. அதனால் பாவித்ததை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். லென்ஸைக் கழற்றிக் கையில் வாங்கி, போன் டொர்ச்சைப் பின்பக்கமாக அடித்து முன்பக்கமாகச் சரித்துச் சரித்துப் பாருங்கள். கிளைவிட்ட மெல்லிய நூல்கள் தெரிந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சில் தழும்பு நிற்கும். தூசி இரண்டு மூன்று துகள் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பிறகு வாசலுக்கு வந்து தூரத்தில் உள்ள கம்பி ஒன்றில் போகஸ் வைத்துப் பாருங்கள், முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடிக்கொண்டே இருந்தால் அந்த மோட்டர் களைத்துவிட்டது. விற்பவர் வாசலுக்குக் கொண்டுபோக விடமாட்டேன் என்றால் அந்த இடத்தில் வாங்காதீர்கள்.

லென்ஸ் மாற்ற முடியாத சூம் கமராக்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிக்கோன் பி900 போன்றவை 83 மடங்கு இழுக்கும், அதாவது 2000 மி.மீ. அளவுக்கு. குளத்தின் அக்கரையில் நிற்பது என்ன பறவை என்று அறிய அதைப்போல உதவும் சாமான் இந்த விலையில் கிடையாது. ஆனால் சென்சர் மிகச் சிறியது, மேகமூட்டமான நாளில் படம் மணல் மணலாக வரும், பறக்கிற குருவியைப் பின்தொடரவும் வேகம் போதாது. பறவையை இனங்காண்பதுதான் உங்கள் ஆசை என்றால் அதை எடுங்கள். இறகு இறகாகத் தெரிகிற படம்தான் ஆசை என்றால் முதலில் சொன்ன ஜோடி.

போனால் எடுக்க முடியாதா?
— வாசகி, பம்பலப்பிட்டி

பேரே வாவிக் கரையில் கூழைக்கடாவைத் தாராளமாக எடுக்கலாம். மற்றவற்றுக்கு முடியாது, வீணாகப் பெருப்பித்துப் பார்த்து மனம் சலிக்க வேண்டாம். கமராவுக்குப் போகும் காசில் 8x42 தொலைநோக்கி ஒன்று வாங்கி ஒரு வருடம் பறவையைப் பாருங்கள், கமரா பிறகு வரட்டும். பார்க்கப் பழகியவர்கள்தான் பிற்காலத்தில் நல்ல படம் எடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனை டியூஷனுக்கு விட்டபின் மூன்று மணித்தியாலம் கிடைக்கும். யால, குமண என்று போக வசதி இல்லை. கொழும்பில் எங்கே போகலாம்?
— தந்தை ஒருவர், கொட்டாஞ்சேனை

ஐயா, யாலவுக்குப் போகாததை ஒரு குறையாக நினைக்காதீர்கள். 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த, ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் மாநாட்டில் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முறையாக 18 நகரங்களுக்குக் கொடுக்கப்பட்டது, அதில் கொழும்பும் ஒன்று. நாங்கள் சதுப்பு நிலத்தின் நடுவே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். பெருமழையில் தண்ணீரைத் தாங்கிக்கொள்வதும் அந்தச் சேற்று நிலங்கள்தான், கொக்கும் நாரையும் நகரத்தைவிட்டுப் போகாமல் இருப்பதும் அவற்றால்தான்.

உங்களுக்குக் கிட்டடி மட்டக்குளியும் காக்கைத்தீவும். களனி கங்கை கடலில் விழுகிற இடம், செம்பருந்து தலைக்கு மேலேயே வட்டமிடும். பறக்கும் பறவையை எடுத்துப் பழக செம்பருந்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை, பெரியது, மெதுவாகத் திரும்பும், ஒரு வட்டத்தில் தவறவிட்டால் அடுத்த வட்டத்தில் வரும். குப்பையும் காகமும் அதிகம், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் பெத்தகான ஈரநிலப் பூங்கா. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் மரப்பாலப் பாதை, மறைந்திருந்து பார்க்கும் இடங்கள் எல்லாம் உண்டு, திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள். தலவத்துகொடையில் தியசரு பூங்காவும் அந்த மாதிரித்தான். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து வாசகர்களுக்கு பெல்லன்வில–அத்திடிய சரணாலயம் கிட்ட, 1990இல் சரணாலயமாக்கப்பட்டது, இன்றைக்கு நாலு பக்கமும் வீடும் தெருவும் நெருக்கிவிட்டன, அதற்குள்ளும் செந்நாரை நிற்கிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம் தலங்கம குளம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவே தெரு. நீலத் தாழைக்கோழி வயல் ஓரத்தில் நடந்து திரியும், இலைக்கோழி மிதக்கும் இலைகளுக்கு மேலே நீண்ட விரல்களை விரித்து வைத்து நடக்கும். இந்த இலைக்கோழியில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான், பெண் முட்டையிட்டுவிட்டு வேறு ஆணிடம் போய்விடும். நீண்ட வால் இனப்பெருக்க காலத்தில் மட்டும்தான், மற்றக் காலத்தில் பார்த்தால் வேறொரு பறவையென்று நினைப்பீர்கள்.

இதில் ஒரே ஒரு இடத்தைத் தெரிந்தெடுத்து ஞாயிறு தவறாமல் அங்கேயே போங்கள். வாரம் ஒரு இடம் என்று அலைந்தால் எந்த மீன்கொத்தி எந்தக் கம்பில் வந்து இருக்கும் என்று உங்களுக்குத் தெரியவே வராது. மீன்கொத்திக்கு வழக்கமான கம்பு ஒன்று இருக்கும், மீனைப் பிடித்தபின் பெரும்பாலும் அதே கம்புக்குத் திரும்பி வந்து அடித்துத் தின்னும். அதைத் தெரிந்துகொண்டவர் கம்புக்கு நேரே உட்கார்ந்திருப்பார், தெரியாதவர் குளத்தைச் சுற்றி அதைத் துரத்திக்கொண்டிருப்பார். படத்தைப் பார்த்தாலே எது யார் எடுத்தது என்று சொல்லிவிடலாம்.

காலைக் காற்றையும் கவனியுங்கள். பறவைகள் காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், இறங்கும். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை கொழும்பில் காலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும், பின்னேரத்தில் கடற்காற்று. ஆகவே காலையில் குளத்தின் கிழக்குக் கரையில் நின்றால் வெயிலும் காற்றும் உங்கள் முதுகில், கொக்கு உங்களைப் பார்த்தபடி வந்து இறங்கும். பின்னேரம் மேற்குக் கரை. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், மே தொடக்கம் செப்டம்பர் வரை, காற்று நாள் முழுக்க மேற்கிலிருந்து வருவதால் காலையில் இந்தக் கணக்குச் சரிவராது, பின்னேரம் போங்கள்.

கொக்கை எடுத்தால் வெள்ளைக் கடதாசியை வெட்டி ஒட்டின மாதிரி வருகிறது, இறகே தெரிவதில்லை. நீர்க்காகத்தை எடுத்தால் கறுப்பு நிழல் மட்டும். பறப்பதை எடுத்தால் மங்கல். கமராவில் பிழையா?
— ஆசிரியை, தெஹிவளை

கமராவில் பிழை இல்லை, ரீச்சர். கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட சேற்றுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், படத்தில் பெரும்பகுதி இருட்டு என்று கணக்குப்போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு எரிந்துபோகும். எக்ஸ்போஷர் கம்பென்சேஷன் என்ற பிளஸ்–மைனஸ் பொத்தான் இதற்குத்தான் இருக்கிறது. கொக்குக்கு மைனஸ் 1 வையுங்கள், வெளிறிய வானத்துக்கு முன்னால் இருக்கும் நீர்க்காகத்துக்கு பிளஸ் 1, சிலவேளை பிளஸ் 1.7. எடுத்தபின் திரையில் எரிந்த பகுதி மின்னுகிற வசதியைப் போட்டு வையுங்கள், கொக்கின் முதுகு மின்னினால் இன்னும் குறைக்க வேண்டும். எரிந்த இறகை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, இருண்டதைக் கொஞ்சம் மீட்கலாம், அதுவும் ரோ கோப்பாக, அதாவது கமரா சுருக்காமல் வைக்கும் மூலக் கோப்பாக எடுத்திருந்தால்.

கொஞ்சம் பழகியபின் முழுவதையும் கையால் வைத்துப் பாருங்கள். எட்டு மணி வெயிலில் கொக்குக்கு ஐஎஸ்ஓ (சென்சரின் உணர்திறன்) 400, எஃப் (லென்ஸின் திறப்பு) 6.3, ஷட்டர் 1/2000 செக்கன் என்று தொடங்கலாம். அப்படி வைத்துவிட்டால் பின்னால் வானம் வந்தாலும் மரம் வந்தாலும் கொக்கின் வெள்ளை மாறாது, வெயிலை மேகம் மறைத்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம். அசையாமல் இருக்கும் பறவைக்கு 1/500 போதும், பறக்கும் கூழைக்கடாவுக்கு 1/1000க்குக் குறையக் கூடாது, பஞ்சுருட்டான், தேன்சிட்டு என்றால் 1/2500, 1/3200. இருட்டினால் ஐஎஸ்ஓவைக் கூட்டத் தயங்காதீர்கள். மணல் தெரிகிற கூர்மையான படத்தைச் சுத்தப்படுத்தலாம், ஐஎஸ்ஓ குறைந்த மங்கலான படத்தை ஒன்றுமே செய்ய முடியாது. போகஸைத் தொடர்ந்து பின்பற்றும் முறையில் வையுங்கள், நிக்கோனில் ஏஎஃப்-சி, கெனனில் ஏஐ சேர்வோ என்று இருக்கும், புள்ளியைக் கண்ணில் வையுங்கள். கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கியிருப்பதை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

எப்போது பறக்கும் என்று முன்கூட்டியே அறியும் வழியும் உண்டு. பருந்து, நாரை போன்ற பெரிய பறவைகள் கிளம்பப் போகும்போது உடம்பை முன்னால் சாய்த்துப் பதுங்கும், பலவேளை எச்சமிடும். அதைக் கண்டவுடன் ஷட்டர் பொத்தானில் விரலை வையுங்கள்.

அப்புறம், குனியுங்கள். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் தண்ணீரும் சேறும்தான் பின்னணி. பறவையின் கண் மட்டத்துக்கு நீங்கள் இறங்கினால் பின்னணி தூரத்துக்குப் போய்ப் பச்சையாகக் கரைந்துவிடும். பழைய பாய் ஒன்றைக் கொண்டுபோய் வரம்பில் விரித்து உட்காருங்கள், சேலையோடு சிரமம் என்றால் மடிக்கிற சின்ன ஸ்டூல். நுளம்புக்குக் கைநீளச் சட்டையும் பூச்சும் கட்டாயம், சதுப்பு நிலத்தில் விடிகாலையில் டெங்குப் பயம் உண்டு.

எங்கள் வீட்டு ஹோலில், மின்விளக்கின் மேல் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருக்கிறது. குஞ்சு பொரித்தபின் ஊட்டுவதைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். பிளாஷ் போடலாமா? திரைச்சீலை மறைக்கிறது, அகற்றலாமா?
— வாசகர், கொள்ளுப்பிட்டி

பிளாஷ் வேண்டாம். திரைச்சீலையைத் தொட வேண்டாம். அந்தக் குருவி உங்கள் வீட்டு ஆட்களின் நடமாட்டத்தை எல்லாம் பார்த்து, திரை இருக்கிற நிலையில்தான் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தது. நிலைமையை மாற்றினால், அதுவும் அடைகாக்கும் நாட்களில், முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.

இந்த விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் கூட்டுப் படங்கள் இப்போது அதிகமாகப் பகிரப்படுகின்றன, குஞ்சுகள் வாய் பிளந்து நிற்கிற படத்தைப் பார்த்து எல்லோரும் இதயம் போடுகிறார்கள். அந்தப் படத்துக்காகக் கூட்டை மறைத்த கிளையை வெட்டியிருந்தால் குஞ்சுக்கு நிழல் போய்விட்டது, கொழும்பில் காகம் இல்லாத கூரை இல்லை, மறைப்புப் போன கூட்டை அது அன்றைக்கே கண்டுபிடிக்கும். நீங்கள் ஒரு கூட்டடியில் திரும்பத் திரும்ப நின்றால் காகம் உங்களையே பார்த்து இடத்தை அறிந்துகொள்ளும். தாயும் தகப்பனும் இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்கு வராமல் கம்பியில் இருந்து கத்தினால், நீங்கள் நிற்பதால்தான் வரவில்லை என்று பொருள், உடனே விலகுங்கள். இந்த நாட்டில் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பறவைகளுக்கும் அவற்றின் முட்டை, கூடுகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது, அது வீட்டுக்குள் கட்டிய கூட்டுக்கும்தான்.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். ஹோலின் மறு மூலையில், நீங்கள் வழக்கமாக இருக்கிற கதிரையில் இருந்து, இருக்கிற வெளிச்சத்தில், சத்தமில்லாத ஷட்டரில் எடுங்கள். மின்விசிறி கூட்டுக்குக் கிட்ட இருந்தால் அதைப் போடாதீர்கள். ஜன்னல் ஒன்றைப் பகல் முழுக்கத் திறந்து வையுங்கள். குஞ்சு பொரித்து இரண்டு வாரத்துக்குள் வெளியே போய்விடும், முதல் நாள் சரியாகப் பறக்கத் தெரியாமல் பூச்சட்டிக்குள் இருக்கும். நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும், வெளியில், வெயிலில், தாயும் பக்கத்தில்.

ஆறுமணிக் குருவியின் சத்தத்தைப் போனில் போட்டால் கிட்ட வருமாமே?
— வாசகர், மருதானை

வரும். போடாதீர்கள். தன் இடத்துக்குள் வேறொன்று புகுந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறது. இமயமலை அடிவாரம் வரையுள்ள இந்தியக் காடுகளிலிருந்து வந்து இறங்கி, உடம்பு தேற்ற வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியோடு மல்லுக்கட்ட வைப்பது பாவம். ஒக்டோபரில் களைத்துப்போய்க் கொழும்பு வீட்டு வளவுகளிலேயே இறங்கும், கண்ணாடி ஜன்னலில் மோதுவதும் உண்டு. மோதி விழுந்ததைக் கண்டால் காற்றுப் போகிற அட்டைப் பெட்டிக்குள் வைத்து, இருட்டாக மூடி, சத்தமில்லாத இடத்தில் ஓரிரண்டு மணித்தியாலம் விடுங்கள், தெளிந்தபின் மரத்தடியில் திறந்துவிடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்கிறேன். தனியே கமராவோடு போகப் பயமாக இருக்கிறது, பெண் என்பதாலும், யாரும் மறித்துக் கேட்டால் சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தெரியாததாலும்.
— வாசகி, வெள்ளவத்தை

தங்கச்சி, இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை, எழுதியது நல்லது. முதல் சில மாதங்கள் டிக்கெட் எடுத்துப் போகும் பூங்காக்களுக்கே போங்கள். பெத்தகானவிலும் தியசருவிலும் வாசலில் ஊழியர் இருப்பார்கள், காலையில் நடக்க வரும் குடும்பங்களும் இருக்கும், கமரா அங்கே யாருக்கும் புதினம் இல்லை. அடையாள அட்டையை எப்போதும் வைத்திருங்கள். தியவன்னா ஓயாக் கரையில் பாராளுமன்றம் இருக்கிற பக்கம், அக்குரேகொடைப் பாதுகாப்புத் தலைமையகத்தின் சுற்றாடல், துறைமுகம், இந்த மூன்று இடங்களின் திசையில் நீண்ட லென்ஸை உயர்த்தவே வேண்டாம், எவ்வளவு அழகான பறவை இருந்தாலும். யாராவது கேட்டால் "குருல்லோ" (பறவைகள்) என்று சொல்லித் திரையில் எடுத்த படத்தைக் காட்டுங்கள், அநேகமாக அவரே "அங்கே இன்னொன்று இருக்கிறது" என்று கை காட்டுவார். கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1976இலிருந்து இயங்கும் இலங்கைப் பறவையியல் களக் குழு போன்றவற்றோடு சேர்ந்து போனால் தனிமையும் இல்லை, பறவையின் பெயரும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆறு மாதம் அலுமாரியில் வைத்த லென்ஸில் பூஞ்சணம். எப்படிப் பாதுகாப்பது?
— வாசகர், முகத்துவாரம்

அலுமாரியும் தோல் உறையும்தான் லென்ஸுக்கு எமன். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் அநேகமாக 70 வீதத்துக்கு மேல், லென்ஸுக்கு வேண்டியது 40 முதல் 50. ஈரத்தைக் குறைத்து வைக்கும் டிரை கபினெட் வாங்க வசதி இல்லாவிட்டால் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதன் காட்டும் சின்ன மீற்றர், இவ்வளவும் போதும். ஜெல் நிறம் மாறினால் ஓவனில் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனி படரும், பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளிச்சூட்டில் வைத்துவிட்டு எடுங்கள். உங்கள் பக்கம் கடல், வீட்டுக்கு வந்தவுடன் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணி. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒருமுறையாவது லென்ஸை வெளியே கொண்டுபோவது.

மகன் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் கணினியில் கிடக்கின்றன. இதனால் யாருக்கு என்ன பயன் என்று அவன் அப்பா கேட்கிறார்.
— தாய் ஒருவர், வத்தளை

அம்மா, திகதியும் இடமும் உள்ள ஒரு பறவைப் படம் ஒரு சாட்சி. மகனை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள், 2002இல் அமெரிக்காவின் கோர்னெல் ஆய்வகம் முன்னின்று தொடங்கியது, இலவசம். வத்தளைக்கு அடுத்தாற்போல் முத்துராஜவெல, அங்கே எந்த மாதம் என்ன பறவை வந்தது என்று அவன் வருடா வருடம் பதிந்துவந்தால், நாளைக்கு யாரோ அந்தச் சதுப்பை நிரப்ப வரும்போது இங்கே என்ன இருந்தது என்று காட்ட ஒரு பதிவு இருக்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, தன்னார்வமாகப் போய்ச் சேரலாம். கூட்டின் படத்தை மட்டும் இடத்தோடு போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் கிடப்பதில் மங்கலை எல்லாம் அழிக்கச் சொல்லுங்கள், அப்பாவிடம் நல்லதாக நாலைந்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுக்கட்டும்.

ஜூலையில் லண்டனிலிருந்து தம்பி வருகிறான். ஆறுமணிக் குருவியையும் நீலவால் பஞ்சுருட்டானையும் கொழும்பில் காட்ட முடியுமா?
— வாசகர், கிருலப்பனை

முடியாது, இரண்டும் வலசைப் பறவைகள், ஏப்ரல் அளவில் திரும்பிப் போய்விடும். ஜூலையில் என்றால் தலங்கமவில் தாழைக்கோழியும் மீன்கொத்தியும், பேரே வாவியில் கூழைக்கடாவும் காட்டலாம், மழைக்கு ஒரு உறையும் கொண்டுவரச் சொல்லுங்கள். குருவிதான் வேண்டும் என்றால் டிக்கெட்டை நவம்பருக்கு மாற்றட்டும்.